இருநூறு கட்டுரை எழுதிய டாக்டர்: அந்த எண் நமக்கு என்ன சொல்கிறது?

சிறுநீரக நோய் பற்றிய எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நடந்த ஒரு சிறு சம்பவத்தோடு தொடங்குகிறேன். சிறப்பு விருந்தினர் ஒரு மருத்துவப் பேராசிரியர். அறிமுகக் குறிப்பை வழக்கம்போல் குரலை உயர்த்தி வாசித்தேன். "இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர், அனைத்துலக அளவில் ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டவர்" என்றேன். கைத்தட்டல் அரங்கை நிறைத்தது.

ஒளிப்பதிவு முடிந்து ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். "தம்பி, டாக்டரு இருநூறு கட்டுரை எழுதியிருக்காருன்னு சொன்னீங்களே, அதுல எங்கம்மா மாதிரி வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ் செய்றவங்களுக்கு எத்தனை?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவன். எண்களைத் தெளிவாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்குப் பிறகு தேடிப் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் அடுத்து வந்த ஒரு நிகழ்ச்சியில் பேசினேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

மேற்கோள் என்றால் என்ன?

மருத்துவ ஆய்வாளர் ஒருவர் தாம் கண்டறிந்ததைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் அதைப் படித்துக் குறை நிறை சொல்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் வெளிவருகிறது. பின்னாளில் வேறோர் ஆய்வாளர், "இதை இன்னார் இந்த ஆண்டில் கண்டறிந்தார்" என்று தம் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள்.

இவற்றை முறையாகத் திரட்டலாம் என்ற யோசனையை 1955ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் முன்வைத்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. 1964இல் அவருடைய மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. ஒரு கட்டுரையைப் பின்னாளில் யார் யார் பயன்படுத்தினார்கள், யார் யார் மறுத்தார்கள் என்று தேட உதவும் கருவி அது. மனிதர்களுக்கு மதிப்பெண் போடும் அளவுகோலாக அது பின்னர்தான் மாறியது. இன்று 'வெப் ஆஃப் சயன்ஸ்', 'ஸ்கோப்பஸ்', 'கூகள் ஸ்காலர்' எனப் பல இடங்களில் இந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் சேர்த்துக்கொள்ளும் இதழ்கள் வேறு என்பதால், ஒரே டாக்டருக்கு மூன்று இடத்தில் மூன்று எண்கள் வரும். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் "ஐயாயிரம் மேற்கோள்" என்று ஒருவர் சொன்னால், எங்கே எண்ணியது என்று கேட்பதில் தவறில்லை.

எச் குறியீடு

2005ஆம் ஆண்டு கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ஓர் எளிய அளவைக் கொண்டு வந்தார். அதற்கு எச் குறியீடு என்று பெயர். ஒரு டாக்டர் ஆறு கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவை முறையே 50, 18, 9, 5, 4, 2 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன. அவருடைய எச் குறியீடு 4. ஏனென்றால் குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்காவது அவரிடம் உள்ளன. குறைந்தது 5 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஐந்து இல்லை.

நிறைய எழுதினால் மட்டும் இந்த எண் ஏறாது, ஒரே ஒரு கட்டுரை பிரபலமானாலும் ஏறாது என்பது இதன் நன்மை. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். வாழ்நாளில் இரண்டே கட்டுரை எழுதி, இரண்டும் பத்தாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் குறியீடு வெறும் 2 தான்! மேலும் இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஓய்வு பெற்றவருக்குக்கூட ஏறிக்கொண்டிருக்கும். முப்பது வயது இளம் டாக்டரையும் அறுபது வயதுப் பேராசிரியரையும் இதை வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது.

ஆய்விதழின் புகழ்

"பெரிய இதழில் வந்த கட்டுரை" என்றும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதழ்களுக்குத் தாக்கக் காரணி என்று ஓர் எண் உண்டு. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரை வெளியிட்டு, அவை இந்த ஆண்டில் மொத்தம் 400 முறை மேற்கோள் காட்டப்பட்டால் அதன் தாக்கக் காரணி 4.

நம் ஊர் உணவு அங்காடியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் கூட்டம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதி ஒரே ஒரு நாசி லெமாக் கடைக்கு வந்ததாக இருக்கலாம். பக்கத்துக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இதழ்களிலும் அப்படித்தான். ஒரு சில கட்டுரைகள் பெரும்பாலான மேற்கோள்களைக் கொண்டு வரும். மற்றவை அந்த நிழலில் நிற்கும். அங்காடியின் பெயரைக் கேட்டு ஒரு கடையின் ருசியை முடிவு செய்ய முடியுமா?

இதழின் தாக்கக் காரணியை வைத்துத் தனி ஆய்வாளரை எடை போடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் ஒரு பிரகடனமே தயாரித்தார்கள். பின்னர் உலகம் முழுவதும் பல நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன.

திட்டுவதும் மேற்கோள்தான்

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. மேற்கோள் என்றால் பாராட்டு என்றே நான் நினைத்திருந்தேன். அது தவறு.

1998 பிப்ரவரியில் 'தி லான்செட்' என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய ஒரு கட்டுரை வந்தது. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே. தட்டம்மை, புட்டாலம்மை, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பியது. பெற்றோர்கள் பயந்தார்கள். இங்கிலாந்தில் 1990களின் நடுவில் சுமார் 92 விழுக்காடாக இருந்த அந்தத் தடுப்பூசி, 2003-04இல் சுமார் 80 விழுக்காட்டுக்கு இறங்கியது.

பின்னர் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளிடம் ஆராய்ந்தும் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. 2004இல் கட்டுரையின் 13 ஆசிரியர்களில் 10 பேர் அந்த விளக்கத்தை மீட்டுக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் லான்செட் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

ஆனால் அந்தக் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை? 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதை மேற்கோள் காட்டிய 1,153 எழுத்துகளைப் படித்துப் பார்த்தது. அவற்றில் கிட்டத்தட்ட 73 விழுக்காடு அதை மறுத்தோ குறை சொல்லியோ எழுதப்பட்டவை. எண்ணும் இயந்திரத்துக்கு அது தெரியாது. "இது பொய்" என்று எழுதினாலும் ஒன்று, "இது அருமை" என்று எழுதினாலும் ஒன்று! எண்ணை மட்டும் வாசிக்கும் அறிவிப்பாளர் ஒருவர், அதாவது என்னைப் போன்ற ஒருவர், இந்தக் கட்டுரையை "ஆயிரம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு" என்று அறிமுகப்படுத்தியிருக்கலாம். அதைக் கேட்ட ஒரு தாய் தன் குழந்தைக்கு ஊசி போடாமல் விட்டிருக்கலாம்.

யாரும் கண்டுகொள்ளாத கட்டுரை

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஹங்கேரியில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் கத்தலின் கரிக்கோ. 1985இல் கணவருடனும் சிறு மகளுடனும் அமெரிக்கா போனார். நாட்டைவிட்டுப் பணம் எடுத்துச்செல்லக் கட்டுப்பாடு இருந்ததால், காரை விற்ற பணத்தை மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போனவர்.

எம்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூற்றை மருந்தாக்கலாம் என்பது அவர் நம்பிக்கை. ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை. 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவி இறக்கப்பட்டது. அப்போதும் விடவில்லை. நகல் எடுக்கும் இயந்திரத்தின் அருகே அறிமுகமான ட்ரூ வைஸ்மன் என்பவருடன் சேர்ந்து உழைத்தார். வெளியிலிருந்து செலுத்தும் எம்.ஆர்.என்.ஏ. உடலில் அழற்சியை உண்டாக்குகிறது. அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றைச் சற்று மாற்றினால் உடல் அதை எதிர்ப்பதில்லை என்று இருவரும் கண்டார்கள். 'நேச்சர்' இதழ் அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 2005இல் 'இம்யூனிட்டி' என்ற இதழில் வெளிவந்தது. அப்போதும் உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு கோவிட் வந்தது. 2020 டிசம்பர் இறுதியில் சிங்கப்பூரிலும், 2021 பிப்ரவரியில் மலேசியாவிலும் ஃபைசர் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். நம்மில் பலர் வரிசையில் நின்று கைச்சட்டையை மடித்துவிட்டுக் குத்திக்கொண்டோமே, அந்த ஊசிக்குள் இருந்தது அந்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரையின் பலன்தான். 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1995இல் யாராவது கரிக்கோவின் எண்களை மட்டும் பார்த்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்? நிதி கிடைக்காததால்தான் அவருடைய பதவி இறக்கப்பட்டது.

நம் மண்ணில் நடந்தது

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் நாட்டில் இல்லையா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இருக்கிறது.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுமையான மூளைக்காய்ச்சல் கண்டது. பின்னர் அது நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளுக்குப் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்தார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளோடு பழகிய பெரியவர்கள்.

மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் இதுவரை பார்த்திராத ஒரு கிருமி வளர்வதைக் கண்டார். மாதிரிகளோடு அமெரிக்கா பறந்தார். 1999 மார்ச்சில் அது புதிய கிருமி என்பது உறுதியானது. சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் பாதிக்கப்பட்டு, ஒருவர் இறந்தார். மே மாதத்தோடு நோய் அடங்கியது.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். இதுபற்றிய கட்டுரை லான்செட் இதழில் வந்தது 1999 அக்டோபரில். 'சயன்ஸ்' இதழில் வந்தது 2000 மே மாதத்தில். அதாவது, நோயைத் தடுத்து உயிர்களைக் காப்பாற்றிய வேலை முடிந்தபோது மேற்கோள் எண்ணிக்கை பூஜ்யம்!

எண்ணிக்கை பின்னர்தான் வளர்ந்தது. 2001இல் வங்காளதேசத்திலும், 2018இல் கேரளாவின் கோழிக்கோட்டிலும் நிப்பா தலைகாட்டியது. அங்கெல்லாம் உள்ள ஆய்வாளர்கள் நிப்பாவைப் பற்றி எழுத அமர்ந்தால் மலேசியாவில் நடந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும். டாக்டர் சுவாவும் குழுவினரும் அதோடு நிற்கவில்லை. தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களின் கீழ் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, விழும் சிறுநீர்த் துளிகளைச் சேகரித்து, கிருமி எங்கிருந்து வருகிறது என்பதையும் காட்டினார்கள். அந்தக் கட்டுரை 2002இல் வெளிவந்தது. இங்கே மேற்கோள் எண் உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் அது தாமதமாகச் சொல்கிறது.

குறுக்கு வழிகள்

பதவி உயர்வும் ஆராய்ச்சி நிதியும் இந்த எண்களைப் பார்த்தே கிடைக்கும் என்றால் என்ன நடக்கும்? சிலர் தம் பழைய கட்டுரைகளைத் தாமே அளவுக்கு மீறி மேற்கோள் காட்டிக்கொள்வார்கள். சிலர் கூட்டுச் சேர்ந்து ஒருவரை ஒருவர் தூக்கிவிடுவார்கள். இன்னும் மோசமாக, பணம் கொடுத்தால் போலிக் கட்டுரை தயாரித்துத் தரும் ஆலைகளே இருக்கின்றன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 'ஹிந்தாவி' என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

தவறு இல்லாமலும் எண் பெருக்கலாம். 2021இல் கோவிட் காலத்து அறுவை சிகிச்சை பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு 15,025 பேர் கூட்டாசிரியர்கள்! உழைப்பு உண்மையானதுதான். ஆனால் ஆளுக்கு ஒரு கட்டுரை என்றே கணக்கில் ஏறும். அதேபோல், செய்முறை சொல்லும் கட்டுரைகளுக்கு மேற்கோள் குவியும். புரதத்தை அளக்கும் வழி பற்றி 1951இல் லவ்ரி என்பவரின் குழு எழுதிய கட்டுரை 2014க்குள் மூன்று லட்சம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அது நோயைக் குணப்படுத்திய கட்டுரை அல்ல. ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் தேவைப்பட்ட ஒரு கருவி.

நாம் என்ன கேட்கலாம்?

எண்களை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றுமே வெளியிடாமல், யாரும் சரிபார்க்காமல், "என் மருந்து புற்றுநோயைக் குணமாக்கும்" என்று விளம்பரம் செய்பவரைவிட, தம் வேலையைப் பிறர் பார்வைக்கு வைத்தவர் எவ்வளவோ மேல். ஆனால் கட்டுரைகளைக் காட்டி உங்களிடம் ஒரு சிகிச்சையையோ மருந்தையோ யாராவது எடுத்து வந்தால், பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

ஒன்று, மொத்தம் எத்தனை என்று கேட்காதீர்கள். என் நோயைப் பற்றி எது என்று கேளுங்கள். இரண்டு, அது மனிதர்களிடம் செய்த ஆய்வா, எலிகளிடம் செய்ததா? மனிதர்கள் என்றால் எத்தனை பேர்? மூன்று, அதே முடிவை வேறொரு குழு தனியாகச் செய்து கண்டிருக்கிறதா? நான்கு, ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? ஐந்து, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா? 'பப்மெட்' என்ற இணையத்தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். திரும்பப் பெற்ற கட்டுரை என்றால் அங்கேயே அடையாளம் இட்டிருப்பார்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் வீட்டில் படிக்கும் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆய்வாளர் வேறு, வைத்தியம் பார்க்கும் கை வேறு. ஒரு கட்டுரைகூட எழுதாமல், முப்பது ஆண்டுகள் பொறுமையாக நோயாளிகளைப் பார்த்துவரும் கிளினிக் டாக்டர்கள் நம் வட்டாரங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எச் குறியீடு கிடையாது. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களும் சர்க்கரை அளவும் அவர்களுக்கு மனப்பாடம்.

அன்றைக்கு அந்த அம்மா கேட்ட கேள்வியை நான் பேராசிரியரிடமே கொண்டு போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்து, "டயாலிசிஸ் செய்பவர்களை நேரடியாகத் தொட்டது என்றால் ஐந்தாறு இருக்கும். மற்றதெல்லாம் ஆய்வுக்கூட வேலை" என்றார். பிறகு அந்த அம்மாவின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, அவருடைய தாயாரின் உணவு, தண்ணீர் அளவு, குழாய் பொருத்திய இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது என்று இருபது நிமிடம் பேசினார். எங்கள் ஒளிப்பதிவுக் கருவிகள் அப்போது மூட்டை கட்டப்பட்டுவிட்டன. நிகழ்ச்சியின் மிகப் பயனுள்ள பகுதி ஒளிபரப்பாகவே இல்லை!

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மருத்துவ விருந்தினர் யார் வந்தாலும், நிகழ்ச்சிக்கு முன்பே, "நீங்கள் எழுதியதில் நோயாளிகளுக்கு அதிகம் உதவியது எது? ஒரே ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அதைத்தான் அறிமுகத்தில் வாசிக்கிறேன். சிலர் உடனே சொல்கிறார்கள். சிலர் நெடுநேரம் யோசிக்கிறார்கள். கைத்தட்டல் முன்புபோல் பலமாக இல்லை. ஆனால் முன்வரிசையில் இருப்பவர்கள் இப்போது கேள்வி கேட்கிறார்கள்.

நீங்களும் கேளுங்கள். மீண்டும் ஒரு கருத்தரங்கில் சந்திப்போம்.